புல் முதலா, மரம் முதலா?

வீட்டுக்குப் பின்னால் 30 அடி நீளமும் 20 அடி அகலமுமாக ஒரு வெற்றிடம் கிடந்தது. அதில் என்ன வைப்பது என்று எனக்கும் அம்மாவுக்கும் ஒரு மாதம் பேச்சு ஓடியது. எனக்குப் புல்தரை வேண்டும். மகளுக்கு அப்போது நான்கு வயது. விழுந்தாலும் முழங்கால் சிராய்க்காத ஓரிடத்தில் அவள் ஓட வேண்டும் என்பது என் ஆசை. அம்மாவுக்குக் கொய்யா வேண்டும். “புல்லைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம், பறிச்சுத் திங்க முடியுமாடி?” என்பது அவர் கட்சி.

கடைசியில் இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்தோம். வேர்மண்ணோடு பெயர்த்த புல் பத்தைகளை விரித்து, சரியாக நடுவில் ஒரு சதுர அடியை மட்டும் வெட்டியெடுத்து, அங்கே கொய்யாக் கன்றை நட்டோம். மூன்றே மாதத்தில் அந்த ஒரு சதுர அடியையும் புல் மூடிவிட்டது. கன்றின் தூரைத் தொட்டுக்கொண்டு பச்சை விரிப்பு நின்றது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அந்த அழகுதான் கன்றை வாட்டிக்கொண்டிருந்தது என்று எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

தோட்டத்துக்குப் புல்தரையா, பழமரமா என்று யாராவது கேட்டால் இப்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இரண்டில் எதை முதலில் மண்ணில் இறக்கப் போகிறீர்கள்? செலவு, உழைப்பு, அழகு, பயன் என்று எல்லாவற்றையும் ஒப்பிடலாம். ஆனால் இரண்டும் ஒரே மண்ணில் வேர்விடும்போது இந்த ஒரு கேள்விதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

முதலில் புல்லைப் பற்றிச் சொல்கிறேன். நான் தேர்ந்தெடுத்தது அருகம்புல்லின் கலப்பின வகை. அது விதை கட்டாது. தண்டுத் துண்டுகளாகவோ பத்தைகளாகவோதான் நட வேண்டும். நட்டபின் தரைமேல் ஓடும் தண்டுகளாலும் மண்ணுக்குள் ஊர்ந்து செல்லும் தண்டுகளாலும் பரவும். ஒவ்வொரு கணுவிலும் வேர், ஒவ்வொரு கணுவிலும் தளிர். ஒரு கணுவை விட்டுவிட்டால் போதும், அங்கிருந்து மறுபடி தொடங்கும்.

புல்லின் பெரிய பலம் அது வளரும் இடம். பெரும்பாலான செடிகளுக்கு வளர்ச்சி நுனியில் இருக்கிறது. புல்லின் இலை அடியிலிருந்து வளர்கிறது. மேலே மாடு மேய்ந்தாலும், இயந்திரம் வெட்டினாலும், கீழே இருக்கும் வளர்புள்ளி தப்பிவிடும். அதனால்தான் ஒரு செடியைத் திரும்பத் திரும்ப வெட்டி அதையே விரிப்பாக வைத்திருக்க முடிகிறது. 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் துணியின் மேல்நூலைச் சீராக நறுக்கும் இயந்திரத்தைப் பார்த்துப் புல்வெட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். அதற்கு முன்பு புல்தரை என்றால் அரிவாளும் ஆட்களும், இல்லையென்றால் ஆடுகளும் வேண்டும். வீட்டு அளவுக்குப் புல்தரை வந்து சேர்ந்ததற்கு அந்த இயந்திரம் ஒரு பெரிய காரணம்.

வெட்டு தாங்கும் என்பதற்காக எப்படி வேண்டுமானாலும் வெட்டிவிட முடியாது. ஒரு வெட்டில் இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒட்ட வெட்டினால் உணவு தயாரிக்க இலை போதாமல் புல் வேரைக் குறைத்துக்கொள்ளும். வேர் குறைந்தால் இரண்டு நாள் வெயில் தாங்காது. அப்போது நாம் தினமும் தண்ணீர் ஊற்றத் தொடங்குவோம். மேல்மண் மட்டும் நனையும், வேர் இன்னும் மேலே வரும். புல்தரை வைத்தவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் சுழல் இது. நானும் முதல் கோடையில் இதில்தான் மாட்டிக்கொண்டேன்.

அடுத்தது புல்லின் வேர். “ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி” என்று வாழ்த்துவார்கள். தழைப்பதற்கு மரத்தையும், வேரோடுவதற்குப் புல்லையும் சொன்னவர்கள் மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். 1937இல் ஹோவர்ட் டிட்மர் என்ற ஆய்வாளர், பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை (rye) தானியச் செடியின் வேர்களை அளந்தார். ரையும் புல் குடும்பம்தான். எல்லா வேர்களையும் வரிசையாக நீட்டி வைத்தால் சுமார் 620 கிலோமீட்டர் வந்தது. ஒரு செடிக்கு இவ்வளவு என்றால், நெருக்கமாக நெய்த பாய்போல் கிடக்கும் புல்தரைக்குக் கீழே மேல்மண்ணில் வேறொரு வேருக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்?

இப்போது மரத்துக்கு வருகிறேன். கன்று நட்ட அன்று அம்மா அதன் தண்டில் ஒரு சிவப்புக் கயிறு கட்டினார், மகளின் தோளுயரத்துக்கு. “நீயும் இதுவும் யாரு முதல்ல வளர்றீங்கன்னு பாப்போம், கண்ணு” என்றார். மகள் வாரம் ஒருமுறை போய்க் கயிற்றின் பக்கத்தில் நின்று பார்ப்பாள். கயிறு மேலே போகவே இல்லை. போகவும் போகாது. மரம் நுனியில் நீள்கிறது, உடம்பில் தடிக்கிறது. தண்டில் ஓர் உயரத்தில் இருக்கும் புள்ளி, மரம் நாற்பது அடி வளர்ந்தாலும் அதே உயரத்தில்தான் இருக்கும். மகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கச் சில மாதங்கள் ஆயின. ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் செய்தோம்: தண்டு தடிக்கத் தடிக்கக் கயிற்றைத் தளர்த்திக் கட்டினோம். இறுகிவிட்டால் பட்டைக்குள் அழுந்தி மரத்தை நெரித்துவிடும்.

நுனியில் வளரும் உயிருக்கும் அடியில் வளரும் உயிருக்கும் வெட்டு என்பது ஒன்றல்ல. புல்லை வெட்டினால் அதே இலை மறுபடி நீளும். மரத்தின் நுனியைக் கிள்ளினால் அந்த நுனி முடிந்தது. கீழே உறங்கும் மொட்டுகள் விழித்துப் பக்கக் கிளைகளாக வரும். அதனால் மரத்துக்குக் கவாத்து செய்யும்போது, அதாவது கிளைகளை அளவோடு வெட்டிவிடும்போது, இந்த மரம் எங்கே பூக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். கொய்யா அந்தப் பருவத்தில் வந்த புதுத்தளிரில் பூக்கும். அளவாகக் கவாத்து செய்தால் தளிர் கூடும், காயும் கூடும். மாவோ முற்றிய கிளையின் நுனியில்தான் பூங்கொத்து விடும். பூக்கும் காலத்துக்குச் சற்று முன்னால் அதன் நுனிகளை வெட்டினால் அந்த ஆண்டுக் காய்ப்பைக் கையாலேயே வெட்டியதாக ஆகும்.

எங்கள் கொய்யா ஒட்டுக்கன்று. நல்ல கவனிப்பு இருந்தால் ஒட்டுக்கொய்யா இரண்டாம், மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். ஒட்டு மாவுக்கு மூன்று முதல் ஐந்தாண்டு. விதையிலிருந்து வந்த மாமரம் என்றால் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எங்கள் கன்றோ இரண்டு ஆண்டுகள் முடிந்தபோது நட்ட உயரத்தைவிட ஒரு சாண்தான் கூடியிருந்தது. இலைகள் சின்னதாக, வெளிறிப்போய் இருந்தன. பூச்சி இல்லை, நோய் இல்லை. சத்து போதவில்லை என்று நினைத்து உரம் போட்டேன். புல்தான் இன்னும் பச்சையானது. தண்ணீரைக் கூட்டினேன். அதையும் புல்தான் குடித்தது.

இப்படி நடக்கும் என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். 1894இல் இங்கிலாந்தின் வோபர்னில் பெட்ஃபோர்டு பிரபுவும் ஸ்பென்சர் பிக்கரிங் என்ற வேதியியலாளரும் சேர்ந்து பழமரங்களுக்கென ஒரு சோதனைப் பண்ணை தொடங்கினார்கள். ஆப்பிள் கன்றுகளில் சிலவற்றின் அடிமண்ணைப் புல் இல்லாமல் வைத்தார்கள், சிலவற்றின் அடியில் புல்லை வளரவிட்டார்கள். புல்லோடு வளர்ந்தவை குன்றிப்போயின. பிக்கரிங் அதோடு நிற்கவில்லை. துளையிட்ட தட்டுகளில் செடிகளை வளர்த்து அவற்றைத் தொட்டி மண்ணின் மேல் வைத்தார். மேலே உள்ள வேர் கீழே உள்ள வேரைத் தொடாது, தட்டு வழியே வடியும் நீர் மட்டும் கீழே இறங்கும். அப்போதும் கீழே இருந்த செடியின் வளர்ச்சி குறைந்தது. புல்லின் வேர் ஏதோ நச்சை வெளியிடுகிறது என்று அவர் கருதினார். தண்ணீருக்கும் தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) நடக்கும் போட்டிக்கே பின்னால் வந்தவர்கள் அதிக எடை கொடுத்தார்கள். காரணம் எதுவானாலும், குன்றிய கன்றை வைத்திருப்பவருக்குத் தேவையான செய்தி அந்தச் சோதனையிலேயே இருக்கிறது. புல்லை அகற்று.

கொய்யாவுக்கு இந்தப் போட்டி இன்னும் கடுமை. அது மேல்வேர் மரம். உணவு தேடும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவும், அருகு நெய்து வைத்திருக்கும் அதே அடுக்கில். மாபோல் ஆழத்துக்கு ஆணிவேர் இறக்கும் மரம்கூட முதல் சில ஆண்டுகளில் மேல்மண்ணை நம்பித்தான் இருக்கும். மூன்று அடி உயரக் கன்றுக்கு வேர் எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்கு வட்டம் போட்டுப் புல்லைப் பெயர்த்தேன். மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தவில்லை. அப்படிச் செய்தால் கொய்யாவின் மேல்வேர்களும் அறுந்துபோகும். களைக்கொத்தியால் பத்தை பத்தையாக, ஒரு கையால் தூக்கிப் பார்த்து, வெள்ளையாக ஓடும் புல்தண்டைத் தேடித் தேடி இழுத்தேன். ஒரு நாள் வேலை என்று நினைத்தது நான்கு நாள் எடுத்தது. பிறகு காய்ந்த இலையும் நறுக்கிய சுள்ளியுமாக நான்கு விரற்கிடை மூடாக்குப் போட்டேன். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டேன். மூடாக்கு தண்டோடு ஒட்டிக் கிடந்தால் பட்டை ஈரத்திலேயே இருந்து அழுகும்.

அடுத்த ஆறு வாரத்தில் வந்த தளிரை நான் மறக்கமாட்டேன். செம்பழுப்பு நுனியோடு, உள்ளங்கை அகல இலைகளோடு, நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் கிளைத்தது. அந்த ஒரே பருவத்தில், முந்தைய இரண்டு ஆண்டிலும் வளராத உயரத்தை எட்டியது. புதிதாக எதையும் நான் கொடுக்கவில்லை. அதற்குப் போய்ச் சேராமல் இருந்தது போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

தண்ணீரைப் பற்றியும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் அது ஒரு லிட்டர். எங்கள் 600 சதுர அடி ஏறக்குறைய 56 சதுர மீட்டர். வெயில் காலத்தில் புல்லுக்கு வாரம் 25 மில்லிமீட்டர் என்று வைத்தால் 1,400 லிட்டர். இளங்கன்றுக்கு வாரம் 20, 30 லிட்டர் போதும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து மரம் சிக்கனம் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் அது நேர்மையான ஒப்பீடு இல்லை. 3 மீட்டர் விட்டத்துக்குக் குடை விரித்த மரம் தன் நிழல் விழும் 7 சதுர மீட்டருக்குத் தக்கபடி நீர் குடிக்கத்தான் செய்யும். உண்மையான வேறுபாடு பரப்பளவிலும் பொறுமையிலும் இருக்கிறது. முழு இடத்தையும் புல் மூடினால் முழு இடத்துக்கும் நீர் வேண்டும். வேரூன்றிய மரம் இரண்டு வாரம் நீர் இல்லாவிட்டாலும் இலையைத் தொங்கவிட்டுக்கொண்டு காத்திருக்கும்.

நீர் கொடுக்கும் முறையும் இரண்டுக்கும் ஒத்துவராது. புல்லுக்குத் தெளிப்பான் வைத்து மேல்மண்ணை அடிக்கடி நனைக்கிறோம். மரத்துக்கு நிதானமாக, ஆழமாக, இடைவெளிவிட்டு ஊற்ற வேண்டும். புல்லோடு சேர்ந்து தினமும் தெளிப்பு வாங்கும் மரத்தின் வேர் கீழே போகாமல் மேலேயே தங்கிவிடும். உரமும் அப்படித்தான். புல்லைப் பச்சையாக்கும் தழைச்சத்து மரத்துக்கு அளவுமீறிப் போனால் இலை தழைக்கும், பூ குறையும். களைக்கொல்லியில் இன்னும் கவனம் வேண்டும். புல்தரையில் அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும் 2,4-டி போன்ற மருந்துகள் புல்லை விட்டுவிடும். கொய்யாவும் மாவும் அகன்ற இலைத் தாவரங்கள்தான், மருந்துக்கு அது களை, இது மரம் என்று தெரியாது.

இன்னொரு ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. புல் தூரை ஒட்டி வளர்ந்தால், அதை வெட்ட இயந்திரத்தைத் தூர்வரை கொண்டுபோவோம். எங்கள் வீட்டுக்குப் புல் வெட்ட வந்தவர் நைலான் கயிறு சுழலும் கருவியால் தண்டின் ஒரு பக்கத்தில் பட்டையை உரித்துவிட்டார். கொய்யாப் பட்டை மெல்லியது, தானாகவே உரியக்கூடியது. அதனால் முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உள்ளடுக்கு வழியாகத்தான். அதற்குக் கீழே இருக்கும் மெல்லிய படலத்திலிருந்துதான் மரம் தடிக்கிறது. தண்டைச் சுற்றி முழு வளையமாக அது போய்விட்டால் வேர் பட்டினியால் சாகும், சில மாதம் கழித்து மரமும் சாகும். எங்களுக்குக் கால்வாசிச் சுற்றளவோடு தப்பியது. அந்த வடு இன்றும் இருக்கிறது, இரண்டு பக்கமும் உதடுபோல் பட்டை வளர்ந்து மூடிக்கொண்டு வருகிறது. வட்டம் போட்டபிறகு எந்த இயந்திரமும் தண்டின் அருகே போகவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் புல்லுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். மகள் கால் ஊன்றி ஓடக் கற்றது அந்தப் புல்லில்தான். பழமரத்தின் அடியில் ஓட முடியாது. கிளை முகத்தில் அடிக்கும், விழுந்த பழம் காலில் வழுக்கும். மழைக்குப் பின் வெறுமண் சேறாகிறது, சரிவில் மண் கரைந்து ஓடுகிறது. புல் இருக்கும் இடத்தில் அப்படி இல்லை. வெயில் நேரத்தில் புல்தரை தன் ஈரத்தை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது, சிமெண்ட் தளம் அதைச் செய்யாது. வீட்டு ஜன்னலிலிருந்து கண் தடையில்லாமல் ஓடும் வெளியும் ஒரு தேவைதான், அதை நான் அம்மாவிடம் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

உழைப்பில் இரண்டும் இரு விதம். புல்தரை வளர்பருவம் முழுக்க வாராவாரம் கை கேட்கும், ஆனால் ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம். மரம் ஆண்டில் சில நாள்தான் கேட்கும், அந்த நாள்களைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். கவாத்துக்கு ஒரு காலம், பிஞ்சுகளை உறைபோட்டுக் கட்ட ஒரு காலம். பழ ஈ முட்டையிட்ட பழம் கீழே விழுந்தால் அன்றைக்கே பொறுக்கி அகற்ற வேண்டும். விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி அடுத்த காய்ப்புக்கு ஈயாகத் திரும்பி வரும். பழம் விழும் மாதங்களில் காலையில் எழுந்ததும் கூடையோடு போவது அம்மாவின் வேலை, அதை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார்.

வெற்றிடம் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் மரத்துக்கு இடம் குறியுங்கள். நடுவில் வேண்டாம். ஓரமாக, ஆனால் சுவரிலிருந்து அந்த மரம் விரியும் குடையின் பாதியளவாவது தள்ளி. காலை, மதியம், மாலை என மூன்று வேளை போய் நின்று, மரம் வளர்ந்தால் நிழல் எங்கே விழும் என்று பாருங்கள். அருகம்புல்லுக்கு நிழல் ஆகவே ஆகாது. கொரியன் புல் ஓரளவு தாங்கும், எருமைப்புல் என்று சொல்லும் அகலிலை வகை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அடர்ந்த மாமரத்தின் கீழே எதுவும் தேறாது. குழியில் ஒரு குடம் நீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் அங்கே மேடு கட்டித்தான் நட வேண்டும். குழி ஆழத்தைவிட அகலம் முக்கியம். ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், அதற்குக் கீழிருந்து வரும் தளிரை உடனே கிள்ளிவிட வேண்டும், அது நீங்கள் வாங்கிய ரகம் இல்லை. மரம் வேரூன்றி ஒரு பருவம் தழைத்தபிறகு புல்லை விரியுங்கள். பத்தை விரித்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். புல்லுக்கு அவசரம் இல்லை, அது எப்போது வந்தாலும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மரத்துக்குத் தொலைந்த ஆண்டை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. எங்கள் கொய்யாவுக்கு இரண்டு ஆண்டு தொலைந்தது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கன்று நட்டு ஏழு ஆண்டு ஆகிறது. சிவப்புக் கயிறு வெளிறிப்போய் அதே உயரத்தில் இருக்கிறது, மகளுக்கு இப்போது அது இடுப்பளவு. குடை விரிய விரிய வட்டத்தையும் நான் அகலமாக்கிக்கொண்டே வருகிறேன். ஒரு பக்கம் நிழலில் புல் தானாகவே மெலிந்துவிட்டது. அங்கே மறுபடி பத்தை ஒட்டலாமா என்று ஒரு முறை யோசித்துவிட்டு, மூடாக்கையே நீட்டிவிட்டேன். வெயில் விழும் மறுபக்கம் அருகு இன்னும் அடர்த்தியாக இருக்கிறது. மாதம் ஒருமுறை வட்டத்தின் விளிம்பில் மண்வெட்டியை நேராக இறக்கி, உள்ளே நுழையப் பார்க்கும் தண்டுகளை அறுத்துவிடுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை விளிம்பை இன்னும் அரை அடி தள்ளப் போகிறேன். பெயர்க்கும் பத்தைகளை வீணாக்க வேண்டாம், பந்து விளையாடித் தேய்ந்துபோன மூலையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.